வாடகைக் காரில் பிறந்த ஊருக்கு



வெளிநாட்டுக்குப் போய் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டிய அனுபவத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் போன வெளிநாடு கண்டி. நான் பிறந்ததும் அங்கேதான்.

1974ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், மலையகத் தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாங்கள் முதல் கணக்கில் வந்தவர்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்றார்கள்.

சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2024இல், திரும்பிப் போனேன். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் அப்போது அங்கே போதவில்லை. அதற்கு இலங்கையில் ஓர் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் அதை வாங்கினேன். கார் கொடுத்த இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த இடம் கண்டி என்று இருந்தது. “சேர், அப்படியென்றால் நீங்கள் எங்கள் ஆள்!” என்று சிரித்தார். முன்பணத்தை மட்டும் வெளிநாட்டார் கணக்கில் வாங்கிக்கொண்டார்.

அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான். கைக்குப் பழக்கம் மாற வேண்டியதில்லை. மாற வேண்டியிருந்தது வேறொன்று. கண்டி வீதியில் ஓர் அம்மாள் பாதசாரிக் கடவையில் கால் வைத்தார். நான் நம் ஊர் வழக்கப்படி ஹாரன் அடித்தேன். எதிரே வந்த பெரிய பஸ் அமைதியாக நின்றுவிட்டது. அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு கண்டியில் இருந்த நான்கு நாளும் நான் ஹாரனைத் தொடவில்லை.

கண்டி ஏரிக் கரையில் காரை நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி அது. 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்குச் சமாதி இருக்கிறது. “கண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ராசாதான் நமக்கு மூத்தவர்” என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

பேராதனையைத் தாண்டிக் கலஹா வழியில் ஏறினேன். அந்தப் பக்கத்து மலையில்தான், லூல்கந்துரவில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கும் முன்னே, காப்பிக் காலத்தில், நம்மவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே விழுந்தவர் ஏராளம். அந்த வழிக்கு மைல்கல் அவர்களுடைய எலும்புதான் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் குளிர்சாதனக் காரில் போய்க்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப் பாதை குறுகியது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் குடையுடன் நடந்து வந்தார். என் காரைக் கண்டதும் குடையைச் சட்டென்று மடக்கினார். கானுக்குள் இறங்கி ஒதுங்கி நின்று, “சலாங்க” என்றார்.

நேயர்களே, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சின்ன வயதில் துரையின் கார் வரும்போது அப்பா என் தோளைப் பிடித்து அதே மாதிரிக் கானில் இறக்கி நிறுத்தியிருக்கிறார். அன்று என் காலில் தெறித்த சேறு இன்றும் நினைவிருக்கிறது. இன்று சேறடிக்கும் வண்டி என் கையில் இருந்தது.

இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். இந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்றேன். அவர் நாட்டைக் கேட்கவில்லை. “எந்த டிவிசன் தம்பி?” என்றுதான் கேட்டார். சொன்னேன். மேலே லயத்துக்குப் போக வேண்டும் என்றார். காரில் ஏறச் சொன்னேன். பின் கதவைத் திறக்கப் போனவரை முன்னால் உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். போட்டுக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவில்லை. “வாடகை வண்டி தம்பி, அழுக்கானா ஒங்ககிட்டதான் காசு கேப்பான்” என்றார்.

லயத்தில் சாயத்தண்ணி கொடுத்தார்கள். அப்பாவை அவருக்கு நினைவில்லை. ஆனால் அழுகைக் கோச்சி நினைவிருந்தது. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் அது. அந்த ரயிலில் அவருடைய அக்காவும் போயிருக்கிறார். கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம். 1983க்குப் பிறகு ஒன்றும் இல்லை. “கூடலூர் ஒங்களுக்குப் பக்கமா தம்பி?” என்று கேட்டார். பக்கம்தான் என்றேன். கடித உறையிலிருந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

காரைத் திருப்பிக் கொடுத்தேன். கீறல் பார்த்தார்கள், பெட்ரோல் அளவு பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். முன்பணமும் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த அந்தத் தாள் மட்டும் கணக்குத் தீராமல் என்னிடம் இருக்கிறது.

ஊர் திரும்பியபின் இரண்டு முறை கூடலூர் போய்விட்டேன். அந்த விலாசத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வானொலியில் பேச அழைத்தபோது இலக்கியம் ஏதாவது பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதைச் சொல்லவே வந்தேன். கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தம்பியை விட்டுவிட்டு வந்த மூதாட்டி யாராவது இருந்தால், அல்லது அவருடைய பிள்ளைகள் இதைக் கேட்டால், இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் தம்பி நலமாக இருக்கிறார். காத்திருக்கிறார்.