வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைகள்



2025 ஆகஸ்ட் 26 அன்று, இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கும் மயிலாப்பூரிலேயே, புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்ட விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்தார். பஞ்சாப் முதலமைச்சர் பகவந்த் மான் உடனிருந்தார். நகர்ப்புறத்தில் அரசு உதவிபெறும் 2,429 தொடக்கப் பள்ளிகளுக்கு அன்றுதான் அந்தச் சாப்பாடு வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெற்றார்கள். மகிழ்ச்சியான நாள். ஆனால் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் 2023 ஆகஸ்டிலேயே அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே தெருப் பிள்ளைகளில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போனவர் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்டபோது, உதவிபெறும் பள்ளிக்குப் போனவர் இரண்டு ஆண்டு காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக்கு நிதி மட்டுமே காரணமில்லை. உதவிபெறும் பள்ளி யாருடையது என்பதில் அரசியலுக்கு இருக்கும் பழைய குழப்பமும் காரணம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பி.எஸ். மேல்நிலைப் பள்ளி, லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி, சாந்தோம் பள்ளி எல்லாமே தனியார் தொடங்கியவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து வருகிற ஏற்பாடு இது. கட்டடமும் நிர்வாகமும் அவர்களுடையவை, பணம் அரசுடையது. எனவே ஆசிரியரை யார் நியமிப்பது என்ற கேள்வி கூடவே பிறந்துவிட்டது.

அதைக் கேரளம் நேராகச் சந்தித்தது. ஈ.எம்.எஸ். அரசின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி 1957இல் கொண்டுவந்த மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களைத் தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்தே நிர்வாகம் எடுக்க வேண்டும் என்றது. மசோதா உச்ச நீதிமன்றம்வரை போனது. கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சேவை சங்கமும் தெருவில் இறங்கின. 1959 ஜூலை 31 அன்று அரசே கலைக்கப்பட்டது. நிர்வாகங்களின் அச்சத்துக்கு நியாயம் இருக்கலாம். முண்டசேரி கேட்ட கேள்வியின் நியாயம் அதைவிடப் பெரிது. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் பணியிடம் எவருடைய குடும்பச் சொத்தும் அல்ல.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பின்னர் ஒரு பிரிவு சேர்ந்தது: 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது. கதவு சாத்தப்பட்டது, உள்ளே இருந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். புதிய குடியிருப்புகளில் மெட்ரிக் பள்ளிகளும் பிறகு சிபிஎஸ்இ பள்ளிகளும் முளைத்தன. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்கள் வழியாக அரசுப் பணம் அந்தப் பள்ளிகளுக்கும் போகிறது. சமக்ர சிக்ஷா நிதி தொடர்பாக ஒன்றிய, மாநில அரசுகள் மோதியதில் 2025இல் அந்தச் சேர்க்கையும் அக்டோபர்வரை தள்ளிப்போனது.

மானியம் அடிப்படை உரிமை அல்ல என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி. நிர்வாகத்துக்குச் சொன்ன அந்த விடையைப் பிள்ளைக்கும் பொருத்துவதுதான் பிழை. 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ இட ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளியில் படிக்கும் வீட்டு வேலைக்காரரின் மகளுக்கு அதில் இடமில்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கு 2024 டிசம்பரில்தான் வந்தது.

நியமனத்தில் கண்டிப்பு வேண்டும். அதைப் பேசப் பிற்பகல் அமர்வு இருக்கிறது. நிர்வாகங்களின் பிரதிநிதிகளும் ஆசிரியர் சங்கத்தாரும் அங்கே ஒளிக்காமல் பேச வேண்டும். காலை அமர்வோ அந்த மாணவியின் 7.5 விழுக்காட்டிலிருந்து தொடங்குகிறது.