புல்லு வெட்டுற மெசினும் நம்ம லயமும்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் சனிக்கிழமை பின்னேரம் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன கூட்டத்தில் குடிதண்ணீர் பற்றிப் பேசினோம். இன்றைக்குப் புல்லு வெட்டுற மெசினைப் பற்றிப் பேசப் போகிறேன். "மெசின் தூக்குறது ஆம்பளைங்க, நமக்கு என்ன"ன்னு அம்மாமார் எழும்பிவிட வேண்டாம். மெசின் மலையில் ஓடுவது ஒரு நாளைக்கு ஏழெட்டு மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் அது கிடப்பது உங்கள் காம்பராவில், உங்கள் அடுப்புக்குப் பக்கத்தில்.

2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அரசாங்கம் தடை போட்டது. மலை முழுக்கப் புல் மண்டி, கொழுந்துக்குக் கை நீட்டப் பயந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் மெசின் வந்தது வந்ததுதான். முன்னே சுரண்டியும் கத்தியும் மூலையில் கிடந்தன, ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதே மூலையில் பெற்றோல் நிறைந்த ஒரு தாங்கி கிடக்கிறது. அதுதான் வித்தியாசம்.

நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஸ்டோரை நாலு மணிக்கே பூட்டிவிடுவார்கள். மேல் மலையில் கொந்தரப்பு வெட்டும் பொடியன்கள் இறங்கி வர ஐந்து, ஐந்தரை ஆகும். மெசினை எங்கே வைப்பது? "வீட்டுக்குக் கொண்டு போகட்டும்"னு கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். உதவி செய்கிறதாகத்தான் நினைத்தேன். ஒரு வீட்டில் மெசினைக் குசினி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். மூடி சரியாக இறுகவில்லை. இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு அந்த அம்மா ரொட்டி சுட அடுப்பைப் பற்ற வைத்தார். நெருப்பு அடுப்பிலிருந்து மேலே போகவில்லை, தரையோடு ஓடியது. அம்மா உயிர் பிழைத்தார், ஆனால் இன்றைக்கும் ஒரு காலை மடக்க முடியாது, மலை ஏற முடியாது. மூன்று காம்பரா போயிற்று. பாத்திரம் பண்டம் திரும்ப வாங்கலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் எல்லாம் சாம்பல். அதற்காக நான் அந்தக் குடும்பங்களோடு எத்தனை முறை கச்சேரிக்கு நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஏன் தரையோடு ஓடியது? பெற்றோலின் ஆவி காற்றை விடப் பாரம் கூடியது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரித் தாழ்ந்த இடம் தேடிப் படரும். கதவுக்கு அடியால் அடுத்த காம்பராவுக்கும் போகும். "நம்ம ஊருக் குளிருக்கு ஒன்றும் ஆகாது"ன்னு சொல்லாதீர்கள். சைபருக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பெற்றோல் பற்றும் அளவுக்கு ஆவி விடும். நுவரெலியா மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. பழைய லயங்களில் கூரைக்குக் கீழே வீட்டுக்கு வீடு சுவர் முழுசாக ஏறியிருக்காது. ஒரு வீட்டு நெருப்பு லயத்து நெருப்புத்தான்.

ஆகவே மெசின் காம்பராவுக்குள் வரவே கூடாது. இஸ்தோப்பிலும் வேண்டாம், அங்கேதான் சுருட்டுப் பற்ற வைக்கிறோம். கலந்த பெற்றோல் கானும் அப்படியே. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள் சேர்த்து வைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

அதை விடப் பெரிய தப்பு சோடாப் போத்தலில் பெற்றோல் வைப்பது. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒரு வாய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது, இதெல்லாம் பிள்ளைக்கு எமன். வாந்தியோடு பெற்றோல் நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து கூடும். உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி மெசினைத் தூக்கிப் போகிற விஷயம். மெசினை நிறுத்திய பிறகுதான் நடக்க வேண்டும். பிளேட்டுக்கு உறை போட வேண்டும். உறை தொலைந்துபோனால் தடித்த சாக்கை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டலாம், கூச்சம் வேண்டாம். சைலன்சர் உடம்புப் பக்கம் இருக்கக் கூடாது. மழைக்கு வழுக்கும் குறுக்குப் பாதையில் பிளேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவர் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

லொறியில் ஏற்றினால் தாங்கியைக் காலி செய்து, மெசினை உருளாமல் கட்டுங்கள். கொழுந்து லொறியில் மட்டும் ஏற்றவே கூடாது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். கொழுந்தில் கொஞ்சம் பெற்றோல் பட்டால் காய்ச்சிய தூளிலும் அது மணக்கும். அன்றைக்கு முழுக்க அம்மாமார் அட்டைக்கடியோடு எடுத்த கொழுந்து வீணாகும்.

பெற்றோல் ஊற்றும்போது பத்து நிமிடமாவது மெசினை ஆற விடுங்கள். ஊற்றிய இடத்திலேயே இயக்காமல் பத்தடி தள்ளிப் போய் இயக்குங்கள். கலவை மெசினுக்கு மெசின் வேறு. 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 25க்கு 1 என்றால் 40. மெசின் புத்தகத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும், கண் அளவு வேண்டாம். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் கலக்காதீர்கள். பழசானால் பிசின் மாதிரிப் படிந்து காபரேட்டரை அடைக்கும். மாதக் கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பெற்றோலை வடித்து, மிச்சத்தையும் ஓடித் தீர்த்து, புல்லைத் துடைத்து உலர்ந்த இடத்தில் மாட்டுங்கள்.

வடித்த பழைய பெற்றோலைக் கானில் ஊற்றுகிறோம், மேல் லயத்துக் கான் கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகிறது. அடுப்பு மூட்டவும் அதை எடுக்கக் கூடாது. மூடியிட்ட கானில் தோட்டத்துக் கராஜில் ஒப்படையுங்கள். வெடித்த பிளேட்டை வெல்டிங் வைத்துத் திரும்பப் போடாதீர்கள். சுற்றும் வேகத்தில் துண்டு பறந்தால் தோட்டா மாதிரிப் பாயும். தேயிலைக்குள் எறிந்தால் கொழுந்து எடுக்கிற அம்மாவின் காலில் ஏறும். கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் பேர் போட்டு வாங்குங்கள்.

மெசின் முழுசாகச் செத்துப்போனால் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறோம். பெற்றோல் இல்லாத தாங்கிக்குள்ளேயும் ஆவி நிற்கும். அதைக் காஸ் வைத்து வெட்டினால் வெடிக்கும், வெட்டுகிறவரும் யாரோ பெற்ற பிள்ளைதான். மூடியைத் திறந்து, வெளியில் நன்றாக உலர விட்டு, "இதில் பெற்றோல் இருந்தது"ன்னு வாய் திறந்து சொல்லிக் கொடுங்கள்.

ஸ்டோர் விஷயம் ஒன்று பாக்கி. இதைச் சொல்லாமல் இத்தனையும் சொன்னால் நான் நேர்மையான ஆள் இல்லை. ஸ்டோர் நாலு மணிக்குப் பூட்டினால் மெசின் வீட்டுக்குத்தான் வரும், எத்தனை கூட்டம் வைத்தாலும். ஆறு மணி வரை ஒரு ஆள் திறப்போடு நிற்க வேண்டும், அதற்கு அரைப் பேராவது போட வேண்டும் என்று துரையிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். பதில் வரும் வரைக்கும், லயத்துக்கு அப்பால் உள்ள பழைய உரக் கொட்டிலைத் துப்புரவாக்கி மெசின்களை அங்கே வைப்போம். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு நான் மண்வெட்டியோடு அங்கே நிற்பேன். பூட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். திறப்பு இரண்டு. ஒன்றை யார் வைத்துக்கொள்வது என்று இப்போதே, இங்கேயே பேசித் தீர்ப்போம்.