ஐஸ் பெட்டிக்குள் சூடு



வெயில் காலத்தில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போது பழத்தையும் குளிர்பானத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போவோம். இரண்டு பிளாஸ்டிக் சுவர், நடுவில் நுரை, மேலே ஒரு மூடி; அவ்வளவுதான் அந்தப் பெட்டி. வெளியில் இருக்கிற சூட்டை உள்ளே விடாது என்று நம்பித்தான் அதை வாங்குகிறோம். உள்ளே இருக்கிற சூட்டையும் அது வெளியே விடாது என்று கண்டுகொண்டவர்கள் அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் தயாரிக்கிற மக்கள். அவர்கள் கையால் செய்துகொண்ட கருவிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வீட்டில் மது என்றதும் சாராயம் காய்ச்சுவது நினைவுக்கு வரும். இது அதுவன்று. ஆவியாக்கி இறக்கும் வேலை இதில் இல்லை. தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பதோடு சரி. நம் மாநிலத்தில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பானத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் கவனமெல்லாம் கருவிகள் மேல்.

அமெரிக்காவிலும் இது எளிதில் கிடைத்த உரிமையில்லை. 1920இல் தொடங்கிய மதுவிலக்கு 1933இல் நீங்கியது. வீட்டில் ஒயின் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பியர் விடுபட்டுப் போயிற்று. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், அதாவது சுமார் 380 லிட்டர். இருவர் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. இத்தனை வருடம் மறைவில் நடந்த ஒரு வேலைக்குக் கடையில் கருவி எங்கிருந்து வரும்? பெரிய ஆலைகளின் தொட்டிகள் வீட்டு வாசலுக்குள் நுழையாது. ஆகவே சமையலறையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் என்ன இருந்ததோ அதுதான் கருவி ஆயிற்று.

விற்பதற்கு ஆலை தொடங்கியவர்களும் இப்படித்தான் கருவி செய்துகொண்டார்கள். கலிபோர்னியாவில் சோனோமா என்ற ஊரில் 1976இல் ஜாக் மெக்காலிஃப் என்பவர் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைத் தொடங்கினார். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தில் இருந்தபோது அந்த நாட்டுப் பியரின் ருசியைக் கண்டவர். பழைய டிரம்களை வாங்கி, வெட்டி, பற்றவைத்துத் தம் ஆலையைத் தாமே கட்டினார். சில வருடங்களில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆனால் அதே மாநிலத்தில் சிக்கோ என்ற ஊரில், வீட்டில் பியர் செய்பவர்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், பால் பண்ணைகள் கழித்துப்போட்ட தொட்டிகளைத் தேடிச் சேர்த்து சியரா நெவாடா ஆலையை எழுப்பினார். 1980இல் அங்கே முதல் பியர் தயாரானது. இன்று அது அந்த நாட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று.

ஐஸ் பெட்டிக்குத் திரும்புவோம். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைப்பது நம் வீடுகளில் உண்டு. முளைவிட்ட தானியம் இனிக்கும், கவனித்திருப்பீர்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. பார்லியில் நடப்பதும் அதேதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, நொறுக்கி வெந்நீரில் கலந்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தால் பானம் மெலிகிறது. கொஞ்சம் ஏறினால் கனத்து இனிக்கிறது. 80ஐத் தொட்டால் நொதிகள் செத்துவிடும். அடுப்பில் வைத்துப் பார்த்தால் அடி பிடிக்கும், மேலே ஆறிக் கிடக்கும். ஐஸ் பெட்டியில் ஊற்றி மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. பிளாஸ்கில் காபி ஊற்றுமுன் வெந்நீர் விட்டுக் கழுவுவோமே, அதே போல் பெட்டியையும் முதலில் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து அதை வடிகட்ட வேண்டும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வாஷ்பேசின் குழாய்க்குக் கீழே எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஒரு நெளிவுக் குழாய் இருக்கும். அதன் இரண்டு முனையையும் அறுத்துவிட்டு உள்ளே இருக்கும் ரப்பரை உருவி எறிந்தால், மெல்லிய வலைப் பின்னல் மட்டும் கையில் நிற்கும். ஒரு முனையை மடித்து நசுக்கி, மறு முனையைப் பெட்டியின் அடிக்குழாயில் மாட்டினால் வடிகட்டி தயார். முதலில் வருவது கலங்கலாக வரும். அதை மறுபடி மேலே ஊற்றுகிறார்கள். சிறிது நேரத்தில் தானியத்தின் உமியே படுகையாகப் படிந்து வடிகட்டத் தொடங்கும். வலையின் வேலை அந்தப் படுகையைத் தாங்குவது மட்டும்தான். இதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் இவ்வளவு சிறிய பொருள் போதும் என்ற தைரியம் வரும். என் கணக்கில் இந்தக் கலையின் உச்சம் இந்தப் பின்னல்.

எல்லாக் கருவியையும் நான் இப்படிப் புகழ மாட்டேன். வடித்த சாற்றைக் கொதிக்க வைக்க, பியர் பீப்பாயின் தலையை அறுத்துக் கொதிகலனாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பலரும் கடையில் கட்டும் முன்பணத்தையே விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பீப்பாய் இன்னும் ஆலைக்குத்தான் சொந்தம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அறுத்தால் ஆபத்து வேறு. ஈஸ்ட்டைப் பெருக்க, கம்ப்யூட்டர் விசிறியில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் காந்தத்தை ஒட்டிக் கலக்கும் கருவி செய்கிறார்கள். பார்க்க அழகு, செய்கிறவருக்கும் பெருமை. ஆனால் போகும்போதும் வரும்போதும் குடுவையைக் கையால் குலுக்கினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். துத்தநாகம் பூசிய வாளி, ஈயம் கலந்த பற்றாசு, எர்த் இல்லாத வயர் ஆகியவற்றை யார் வீட்டில் கண்டாலும் நான் கண்டிப்பேன். புளிப்புள்ள திரவம் துத்தநாகத்தைக் கரைக்கும். தன் கையால் செய்தோம் என்பதற்காக விஷம் விஷமில்லாமல் போகாது.

புளிக்கும் பாத்திரத்தைக் குளிர வைக்க இன்னொரு ஏற்பாடு. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பழைய டி-ஷர்ட் ஒன்றை அதற்கு மாட்டி, ஓரம் தண்ணீரில் தோயும்படி விட்டு, எதிரே மேசை விசிறி வைக்கிறார்கள். தண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றிய நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சார்லி பப்பாசியன் என்ற பள்ளி ஆசிரியர் 1970களில் வீட்டுப் பியர் வகுப்பு நடத்திய பௌல்டர் நகரம், வறண்ட கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. அத்தகைய காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னைக் கடற்காற்றில் துணி ஈரமாகவே தொங்கும். குளிர்ச்சி கிடைப்பது அரிது.

கடைசியாகச் செம்புக் குழாய். கொதித்த சாற்றைச் சீக்கிரம் 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். சூட்டில் ஈஸ்ட் போட்டால் சாகும், மெதுவாக ஆறினால் கெடுக்கும் கிருமிகள் முந்திக்கொள்ளும். இருபது லிட்டர் தானாக ஆற ஓர் இரவு ஆகும். ஏழெட்டு மீட்டர் செம்புக் குழாயை ஒரு பானையைச் சுற்றிச் சுருளாக வளைத்து, சாற்றுக்குள் இறக்கி, குழாய்க்குள் தண்ணீர் ஓட விடுகிறார்கள். சாதாரண எவர்சில்வரைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாகச் செம்பு சூட்டைக் கடத்தும். கைவலுவுக்கும் வளைந்து கொடுக்கும். வளைக்கும்போது நெளிந்து ஒடுங்காமல் இருக்க உள்ளே மணல் நிரப்புவார் சிலர், உப்பு நிரப்புவார் சிலர். உப்புதான் சரி. தண்ணீர் விட்டால் கரைந்து ஓடிவிடும். மணல் எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கொதி அடங்குவதற்குக் கால் மணி முன்பே சுருளை உள்ளே இறக்கிவிடுவார்கள்; அந்தக் கொதியிலேயே அது சுத்தமாகிவிடும். அடுப்பை அணைத்துத் தண்ணீரைத் திறந்ததும் மறு முனையில் முதலில் கைவைக்க முடியாத சூட்டில் வரும். அதை வாளியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஐஸ் பெட்டியைக் கழுவ. பிறகு வெதுவெதுப்பாக வரும். ஒரு கை சுருளைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும், மறு கை வெளியேறும் தண்ணீரில் இருக்கும். உள்ளே போகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாமல் போகும்போது குழாயை மூடுவார்கள்.