கட்டைவிரலின் விலை

(ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் போதகர் அளித்த செய்தி)



உங்கள் காணிக்கைகளினால் நமது ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கைகள் தடையின்றி நடந்துவருகின்றன. தேவனுக்கு ஸ்தோத்திரம். அந்தப் படுக்கைகளைக் குறித்தே இன்று சற்றுக் கடினமான ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகிறேன்.

சூம்பின கையையுடைய மனுஷனை ஆண்டவர் சுகமாக்கிய சம்பவம் மூன்று சுவிசேஷங்களில் இருக்கிறது. அது வலது கை என்று சொல்லுகிறவர் லூக்கா ஒருவர்தான். வைத்தியர் அல்லவா! எந்தக் கை என்பது பிழைப்புக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம்மிடம் வரும் கைகள் சூம்பினவை அல்ல, நசுங்கினவை. பவர் பிரஸ்ஸில் மாட்டினவை, மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தில் அகப்பட்டவை, கரும்பு பிழியும் மெஷினில் இழுபட்டவை. பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஆகவே கை உள்ளே இருக்க முடியாது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒரு பொத்தானை அழுத்தியபடியே கட்டி வைத்துவிட்டால், மற்றொரு கை தாராளமாய் உள்ளே போய்விடுகிறது. இதை விதி என்றும் கடவுள் சித்தம் என்றும் சொல்லுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியாது. பொத்தானைக் கட்டியது மனுஷன்.

இருபத்தைந்து வயது வாலிபன் ஒருவன் வலது கட்டைவிரல் முழுவதும் போய் நம்மிடம் வந்தான். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். பட்டறை முதலாளி கையில் பத்தாயிரத்தைக் கொடுத்து, வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார். இடது கையால் போட்ட கையெழுத்து! "பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்" என்று கூட வந்த மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருந்தார். அவனும் அப்படியே சொன்னான். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்தபின், "ஐயா, நான் பைக் ஓட்டவே கற்றுக்கொள்ளவில்லை" என்றான்.

விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், முதலில் எழுதப்படுகிற வாக்குமூலம் எவ்வளவு பெரிய காரியம் என்பது அவனுக்குத் தெரியாது. மேஸ்திரிக்கு நன்றாய்த் தெரியும். மறுநாள் காலையில் அவனே டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். அவர் தேதியும் நேரமும் போட்டு அதைத் தனியே எழுதிக்கொண்டார்.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தபோது அந்த உரிமைகள் அதற்குள் சேர்ந்தன. கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீத இழப்பு, நான்கு விரல்கள் போனால் 50 என்று பட்டியலே உண்டு. (வலது, இடது என்ற பேதம் அதில் இல்லை. லூக்கா இதை ஒப்புக்கொள்வாரோ என்னவோ!) சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். அதை 25 வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 4,68,500 ரூபாய் வருகிறது. அவன் கையில் கிடைத்ததோ பத்தாயிரம்.

உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. வைத்தியச் செலவும் முதலாளியின் பொறுப்பு என்று 2009ஆம் ஆண்டின் திருத்தம் சொன்னது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவராயிருந்தால் வைத்தியமும் உதவித்தொகையும் அங்கிருந்தே கிடைக்கும். வடமாநிலப் பிள்ளைகள் கட்டுப்போட்ட கையோடு ரயிலேறிவிடுகிறார்கள். சொந்த ஊரிலிருந்தே மனு கொடுக்க 1995ஆம் ஆண்டின் திருத்தம் வழி திறந்ததை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். அந்த வாலிபனின் ஆபரேஷன் உங்கள் காணிக்கையில் நடந்தது. முதலாளி செலுத்த வேண்டியதை ஒரு விதவையின் காணிக்கை செலுத்தியது. "மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, அங்கே இலவசம்" என்று ஒருவர் சொல்லும்போது, நம்முடைய இரக்கம் அவருடைய லாபக்கணக்கில் வரவாகிறது. அதற்காக ஏழையைத் திருப்பியனுப்ப முடியுமா? கூடாது. முதலில் கையைக் காப்பாற்ற வேண்டும். அதோடு நம் வேலை தீர்ந்தது என்று இருந்துவிடக்கூடாது. ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஊன சதவீதச் சான்று ஆகியவற்றை அவன் கையில் கொடுத்து, தொழிலாளர் துறை அலுவலகம் வரை ஒருவர் கூடப் போக வேண்டும். நம் சமூகநல ஊழியர் அந்த வாலிபனோடு போனார். விசாரணை நடந்துவருகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் ஆகின்றன. இந்த ஆண்டு உங்களிடம் கேட்பது இந்தச் செலவுக்காகத்தான். கட்டில்களுக்காக அல்ல.

விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே கொண்டுவாருங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது.

இந்தக் கூட்டத்திலும் பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தாராளத்தை நான் அறிவேன். திங்கட்கிழமை மெஷின் ஓடுமுன் அந்த இரண்டு பொத்தான்களையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பதிவு செய்யும் விவரம் வேண்டுமானால் நம் சமூகநல ஊழியர் வாசலருகே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தேநீருக்குப் போகுமுன் அவரைப் பாருங்கள்.