பின்தொடர்ச்சி இல்லை என்று எழுதுவது யார்?

(செங்கல்பட்டில் நிலவுரிமைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் பத்திரத்தில் வரும் ஒரு வரியைப் பற்றிப் பேசுகிறேன். கிரையப் பத்திரம், விடுதலைப் பத்திரம் எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும்: இனி இந்தச் சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. பத்திர எழுத்தருக்கு இது மனப்பாடம். கைநாட்டு வைக்கிறவருக்கு இதை யார் நிதானமாகப் படித்துச் சொல்கிறார்கள்? பிறக்காத பேரப்பிள்ளையின் கோரிக்கையையும் சேர்த்து முடித்துவைப்பது இந்த வரிதான். இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பதிவுத்துறை வைத்திருக்கும் பெயர் 'விடுதலை'.

ஆனால் இந்த மாவட்டத்தில், அந்த வரியைச் செல்லாததாக்கும் இன்னொரு வரி 1892லேயே எழுதப்பட்டுவிட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டால்கூட மிராசுதாருக்கே முன்னுரிமை என்றிருந்த காலம் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த அரசாணைப்படி சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம், ஆவணங்களில் 'டி.சி. நிலம்'. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

அந்த ஒப்படையின் நிபந்தனை என்ன? முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அடமானமோ குத்தகையோ விடக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது.

இதன் பொருளைக் கவனியுங்கள். கடனுக்கும் பயத்துக்கும் பசிக்கும் ஒரு தனி மனிதன் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று அந்த ஆணைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கையெழுத்தோடு கணக்கு முடியாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. பஞ்சமி நிலம் பிறருக்குக் கைமாறியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

பிறகு ஏன் மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையில் மக்கள் தங்கள் நிலத்தில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது? 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு ஏன் பலியானார்கள்? சட்டத்தில் முடியாத கோரிக்கை நடைமுறையில் முடித்துவைக்கப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மனை விலை ஏறஏற, அந்த வேகமும் ஏறுகிறது.

எப்படி முடிக்கிறார்கள்? ஒன்று, பத்திரத்தின் அந்த வரி. இரண்டு, சமாதானக் கூட்டம். இரு தரப்பும் சுமுகமாகப் போக ஒத்துக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அங்கே பேசியது அன்றைய தகராறு மட்டும். ஆனால் நாளைக்கு நிலத்தைக் கேட்டால், "அதான் அன்றைக்கே பேசி முடித்தாயிற்றே" என்பார்கள். மூன்று, மனு. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு 'தீர்வு செய்யப்பட்டது' என்று போட்டுவிடலாம். தீர்ந்தது மனு. கோரிக்கை அப்படியே கிடக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறது. சட்டத்தை முறியடிக்கும் நோக்கமுள்ள உடன்பாடு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அப்படிப்பட்ட உடன்பாட்டை நீதிமன்றமும் ராஜியாகப் பதிவு செய்யக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் நிலத்தை முறைகேடாக அபகரிப்பதைக் குற்றம் என்கிறது. முறைகேடு என்றால் என்ன என்றும் சொல்கிறது: உயிருக்கோ உடம்புக்கோ பயம் காட்டி வாங்கிய சம்மதமும் முறைகேடுதான், ஆவணத்தைப் புனைவதும் முறைகேடுதான்.

வெளியே ஒரு உதாரணம். நியூசிலாந்தில் வைக்காட்டோ பகுதி மாவோரி மக்களிடம் 1860களில் அரசு பறிமுதல் செய்த நிலமும் சுமார் 12 லட்சம் ஏக்கர். ஆண்டுக்கு இவ்வளவு பணம் என்று 1946ல் சட்டம் போட்டு முடித்துவைத்தார்கள். நிலமாகப் போனது நிலமாக வர வேண்டும் என்று மக்கள் விடாமல் நின்றார்கள். 1995ல் புதிய சட்டம் வந்தது. பறித்தது தவறு என்று அரசு அதிலேயே மன்னிப்புக் கேட்டது. நிலமும் பணமுமாக 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புக்குக் கொடுத்தது. பறிபோனதில் அது சிறு பங்குதான், அதைக் கொண்டாட நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வைக்காட்டோ ஆற்றின் மீதான கோரிக்கை இந்த ஒப்பந்தத்தில் அடங்காது என்று தெளிவாக எழுதி வாங்கினார்கள். ஆற்றுக்கு 2010ல் தனிச் சட்டம் வந்தது. எது தீர்ந்தது என்பதோடு, எது தீரவில்லை என்பதையும் அவர்கள் எழுத வைத்தார்கள்.

நாமும் எழுத வைக்க வேண்டும். எந்தச் சமாதானக் கூட்டத்திலும், 'நிலவுரிமைக் கோரிக்கை இதில் அடங்காது' என்று ஒரு வரி சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்க்க மறுத்தால், மறுத்ததை எழுதிப் பதிவுத் தபாலில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர் அ-பதிவேட்டின் பழைய பிரதியைக் கேட்டு வாங்குங்கள். டி.சி. என்ற குறிப்பு எந்த ஆண்டில் காணாமல் போனது என்று பாருங்கள்.

அரசிடம் நம் கோரிக்கைகள் இரண்டு. பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை ஊர்வாரியாக வெளியிட்டு, அவற்றைப் பிறர் பெயருக்குப் பதிவு செய்வதை நிறுத்த வேண்டும். மீட்புக்குத் தனிச் சட்டம் வேண்டும். கர்நாடகம் 1978லேயே இப்படியொரு சட்டம் போட்டது, 1984ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. காலம் கடந்துவிட்டது என்று வழக்குகள் தள்ளுபடியானபோது, கோருவதற்குக் காலவரம்பே இல்லை என்று 2023ல் திருத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு என்ன தடை?

பறித்தவன் எழுதிய காகிதத்தில் நம் பாட்டன் வைத்த கைநாட்டு, நம் கோரிக்கைக்கு முற்றுப்புள்ளி ஆகாது. நமக்குப் பின்தொடர்ச்சி உண்டு.

ஜெய்பீம்.