12க்கு 9: எங்க வீட்டுக் கூரையும் ஒரு எண்ணும்

போன எபிசோடு முழுக்க வீட்டுக் கடன், ஈஎம்ஐனு பேசினோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதி, "ஊர்ல வீடு கட்டுறேன்னு சொன்னீங்களே, அது எந்த அளவுல இருக்கு?" அப்படிங்கற கேள்விதான். சுவர் லிண்டல் மட்டம் தாண்டிருச்சு. கூரைகிட்ட வந்து ஒரு மாசமா வேலை நிக்குது. இன்னைக்கு அந்தக் கூரையைப் பத்தி மட்டும் பேசப் போறேன். அதுலயும் ஒரே ஒரு எண்ணைப் பத்தி: கூரை எவ்வளவு சாய்வா இருக்கணும்?

இதுக்கு ஒரு எபிசோடானு கேப்பீங்க. எங்க வீட்ல இதுக்கு நாலு வாரம் சண்டை நடந்துச்சு. ஏன்னா இந்த ஒரு எண்ணுதான் மழை ஒழுகுமா, காத்துல ஓடு பறக்குமா, செலவு எவ்வளவு, மேல ஒரு அறை கிடைக்குமா, இது எல்லாத்தையும் சேர்த்து முடிவு பண்ணுது. நம்ம வேலையில தப்பா ஒண்ணு போயிருச்சுனா ரோல்பேக் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிரலாம். இங்க முகப்புச் சுவரைக் கூம்பா கட்டி முடிச்சிட்டா அவ்வளவுதான்.

முதல்ல இடம். கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். தமிழ்நாட்டுல தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டையுமே நல்லா வாங்குற ஊர். ஓட்டு வீடு எங்களுக்குப் புதுசில்ல. 1865ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சதுல இருந்து மேற்குக் கரை முழுக்க அந்த ஓடுதான் பரவுச்சு. எங்க ஊரும் அந்தக் கணக்குலதான் வரும். தக்கலை பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை போயிருக்கீங்களா? 1795 வரைக்கும் திருவிதாங்கூரோட தலைநகரம். இருக்கறது தமிழ்நாட்டுல, பராமரிக்கறது கேரள அரசு. அங்க போறவங்க எல்லாரும் தூணையும் தரையையும்தான் போட்டோ எடுப்பாங்க. அடுத்த தடவை கூரையைப் பாருங்க. நல்ல செங்குத்தான சரிவு, தலையில இடிக்கிற மாதிரி கீழ இறங்குற இறவாரம். எந்த மழையைப் பாத்து அதைக் கட்டினாங்களோ, அதே மழைதான் எங்க வீட்டு மேலயும் பெய்யுது.

ஆனா அப்பாவுக்கு வேண்டியது தட்டையான கான்கிரீட் தளம். பணம் அவரோட ரிட்டயர்மெண்ட் பணம், அதனால அவர் பேச்சுக்கு எடை ஜாஸ்தி. அவர் கேட்டது ஒரே கேள்வி: "மக்ளே, நாளைக்கு உனக்க தம்பிக்கு ஒரு முறி வேணும்னா எங்க கொண்டு போய் கெட்டுவ?" நியாயமான கேள்வி. ஓடு போட்டா மாடி எடுக்க முடியாது. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நான் சோழிங்கநல்லூர்ல ஒரு பிஜில இருந்துக்கிட்டு வெப்காலில் வீடு டிசைன் பண்றவன். அந்த வீட்ல தினமும் இருக்கப் போறது நான் இல்லைங்கறதையும் அவர் சுட்டிக் காட்டத் தவறல.

அம்மா பக்கம் வேற. இப்ப அவங்க வாடகைக்கு இருக்கற வீடு கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வச்சுக்கிட்டு, ராத்திரி அதைக் கீழ விடும். ஏப்ரல்ல அம்மா படுக்கறது ஹால் தரையில. "எனக்கு ஓடு போதும்"னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. அவங்க வாதம் அவ்வளவுதான்.

எங்க தெருவுல இன்னொரு காட்சியும் இருக்கு. முதல்ல தட்டையா தளம் போடுவாங்க. ஏழெட்டு வருஷத்துல கசியும். அப்புறம் அதுக்கு மேல இரும்பு ட்ரஸ் அடிச்சு, சரிவா ஷீட் போடுவாங்க. அதாவது ரெண்டு கூரைக்குக் காசு குடுத்து, கடைசியில சரிவுக்கே வந்து சேர்றாங்க. இதை அப்பாகிட்ட ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் காட்ட வேண்டிய அவசியமே வரல. வாசல்ல நின்னு கை காட்டினா போதும், அஞ்சு வீடு தெரியும். அதுல அவர் அரை மனசா ஓட்டுக்கு இறங்கி வந்தார்.

சரி, எவ்வளவு சரிவு? டிகிரியெல்லாம் சைட்ல யாரும் பேச மாட்டாங்க. ஆசாரி பேசறது "12க்கு இத்தனை". கிடையா 12 இஞ்ச் போனா எத்தனை இஞ்ச் மேல ஏறுது, அவ்வளவுதான். 12க்கு 7னா ஏறக்குறைய 30 டிகிரி. 12க்கு 12னா 45. எங்க வீட்டு அகலம் 24 அடி, நடுவுல முகடு. அப்ப ஒரு பக்கம் 12 அடி. ஆக 12க்கு 7னா முகடு சுவருக்கு மேல 7 அடி, 12க்கு 9னா 9 அடி. இந்தக் கணக்கு இவ்வளவு லேசா அமைஞ்சது எங்க அதிர்ஷ்டம்.

காண்ட்ராக்டர் சொன்னது 12க்கு 4. சுமார் 18 டிகிரி. "இப்ப எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, பாக்க மாடர்னா இருக்கும்"னார். அதுல செலவு குறையுங்கறது உண்மை. இறவாரம் சுத்தி 3 அடி வச்சா எங்க கூரை மேல இருந்து பாக்க 30க்கு 42 அடி, அதாவது 1260 சதுர அடி. 12க்கு 4 சரிவுல ஓடு போட வேண்டிய பரப்பு கிட்டத்தட்ட 1328 சதுர அடி. 12க்கு 7னா 1459. 12க்கு 9னா 1575. முதலுக்கும் கடைசிக்கும் 247 சதுர அடி வித்தியாசம். ஓடு, ரீப்பர், கைமரம், கூலி எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி ஏறும். இதை அலட்சியமா தள்ள முடியாது.

ஆனா மங்களூர் ஓடு 18 டிகிரிக்கான பொருள் இல்ல. பொதுவா 25 டிகிரிக்குக் கீழ போகாதனு சொல்வாங்க. ஏன்னு யோசிச்சா ரொம்ப சுவாரஸ்யம். ஒவ்வொரு ஓட்டோட கீழ் நுனியும் அடுத்த ஓட்டு மேல ஏறி உக்காருது. அதனால கைமரம் 18 டிகிரினா, ஓடு அதைவிடத் தட்டையா படுத்திருக்கும். தண்ணி மெதுவா ஓடும். மெதுவா ஓடுற தண்ணியை எதிர்க் காத்து மேல தள்ளி, ரெண்டு ஓட்டுக்கு நடுவுல இருக்கற இடுக்குல ஏத்திரும். ஓட்டை எதுவும் இல்லாமலே வீடு ஒழுகும். ஓடு மாத்தி ஓடு மாத்திப் பாத்தாலும் நிக்காது, ஏன்னா கோளாறு ஓட்டுல இல்ல.

அடுத்து காத்து. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் எங்க மாவட்டத்தை என்ன பண்ணுச்சுனு இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். கூரை பறக்கறதுனா காத்து கீழ இருந்து தள்ளுதுனுதான் நாம நினைப்போம். பெரும்பாலும் மேல இருந்து உறிஞ்சுது. ஐஎஸ் 875, பகுதி 3னு ஒரு இந்தியத் தர ஆவணம் இருக்கு, கட்டடத்துல காத்து குடுக்கற சுமையைப் பத்தி. அதுல அடிப்படைக் காத்து வேகம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருவனந்தபுரத்துக்கு 39. எங்க ஊரை அந்த 39லயே வச்சுக்குவோம். வேகத்தோட வர்க்கத்தை 0.6ஆல பெருக்கினா அழுத்தம் வரும். எங்களுக்கு சதுர மீட்டருக்குத் தோராயமா 93 கிலோ.

இதை ஒரு கெழுவால பெருக்கணும். அந்தக் கெழுதான் சரிவைப் பொறுத்தது. எங்க வீடு மாதிரி உயரம் குறைஞ்ச வீட்ல, காத்து நேரா வந்து அடிக்கற பக்கத்துக்கு 10 டிகிரியில அது மைனஸ் 1.2. மைனஸ்னா உறிஞ்சல். 20 டிகிரியில மைனஸ் 0.4. 30 டிகிரியில பூஜ்யம். 45ல பிளஸ் 0.3, அதாவது காத்து கூரையைக் கீழ அமுக்குது. இப்ப ஓட்டோட எடையைப் பாருங்க: ரீப்பரோட சேர்த்து சதுர மீட்டருக்கு 65 கிலோ பக்கம். 10 டிகிரி கூரையை மேல இழுக்கற விசை 112 கிலோ. ஓடு தோத்துரும். 30 டிகிரிக்கு மேல போனா பின் பக்கச் சரிவுல மட்டும் 40 கிலோ வாக்குல இழுக்கும், ஓட்டோட எடையே அதைத் தாங்கும். இது எளிமையான கணக்குதான். வீட்டுக்குள்ள புகுற காத்து, ஓரங்கள்ல வர்ற கூடுதல் உறிஞ்சல் எல்லாம் தனி. அதனாலதான் ஓர வரிசை ஓடுகளைக் கம்பி போட்டு ரீப்பரோட கட்டச் சொல்லியிருக்கோம். ஆனா எந்தப் பக்கம் போகணும்னு காட்ட இதுவே போதும். நான் பாத்ததுல எனக்கு அதிர்ச்சியா இருந்தது இதுதான்: தட்டையா இருந்தா காத்துக்குப் பாதுகாப்புனு நாம நினைக்கறோம். லேசான சரிவுதான் ரொம்ப மோசம்.

இன்னொண்ணு, சரிவு குறையக் குறைய கைமரங்கள் சுவரை வெளிப்பக்கம் தள்ற விசை கூடும். காலை அகட்டி நின்னா வழுக்கற மாதிரி. அதைப் பிடிச்சு நிறுத்தக் குறுக்கு விட்டம் இன்னும் பலமா வேணும். ஆக 12க்கு 4ல மிச்சமாகுற காசு கொஞ்சம் அங்க போயிரும்.

இப்படியே 12க்கு 7னு முடிவாகப் போச்சு. மழைக்குப் போதும், காத்துக்குப் போதும், செலவும் நடுவுல. நானும் அதுலதான் இருந்தேன். அப்பதான் அப்பாவோட அந்த "முறி" கேள்வி திரும்ப வந்துச்சு. அவருக்கு இந்த மைனஸ் 0.4 எல்லாம் பிரச்சனையே இல்ல.

அதனால மச்சைக் கணக்குப் போட்டேன். கூரைக்குக் கீழ, சுவர் மட்டத்துல பலகைத் தளம் போட்டா எவ்வளவு இடத்துல நிமிர்ந்து நிக்கலாம்? 5.5 அடி உயரம் கிடைக்கற இடத்தை எடுத்துக்கிட்டேன். 12க்கு 7ல நடுவுல 5 அடி அகலத்துக்கு ஒரு சந்து. பழைய பாத்திரம் வைக்கலாம். 12க்கு 9ல அது 9 அடிக்கு மேல. கட்டில் போடலாம், மேசை போடலாம், ஓரத்துல குனிஞ்சு போற இடத்துல அலமாரி. முகடு ரெண்டே அடிதான் கூடுது, ஆனா அறை அகலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. அதுக்கு விலை 116 சதுர அடி கூடுதல் ஓடு, ஒவ்வொரு கைமரமும் சுமார் ஒண்ணரை அடி நீளம் ஜாஸ்தி, முகப்புச் சுவர் ரெண்டு அடி உயரம். இன்னொரு மாடி கட்டுற செலவுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல.

12க்கு 12 ஏன் வேண்டாம்? இன்னும் பெரிய மச்சு கிடைக்கும்தான். ஆனா இறவாரம் 3 அடி வெளிய வரும்போது அதே 3 அடி கீழயும் இறங்கும். 10 அடிச் சுவர்ல இறவாரம் 7 அடிக்கு வந்துரும், ஜன்னல் வெளிச்சம் போயிரும். 12க்கு 9ல அது 7 முக்கால் அடியில நிக்குது.

இந்த எண்ணைச் சொன்னதும் ஆசாரி சிரிச்சார். "தம்பி, அது 3, 4, 5 தானே. டேப் போதும்"னார். 12, 9, சரிவு நீளம் 15. முழு எண், வர்க்கமூலம் வேண்டாம். வாட்ஸப்ல போதையனார் பேர்ல ஒரு கர்ணக் கணக்கு சுத்துமே, நீளத்துல எட்டுல ஒரு பங்கைக் கழிச்சு, உயரத்துல பாதியைக் கூட்டுனு? அதைப் போட்டுப் பாருங்க. பத்தரையும் நாலரையும் 15. சரியா வருது. 12க்கு 7க்கு 14 சொல்லும், உண்மை 13.89. பரவாயில்ல. ஆனா 12க்கு 2க்குப் போட்டா 11.5 வரும், அடிக் கோட்டைவிடச் சின்னதா ஒரு கர்ணம். பித்தாகரஸுக்கே வழி காட்டினோம்னு ஃபார்வேர்டு பண்றவங்க அந்த வரியை அனுப்பறதில்ல.

அப்பாகிட்ட காகிதத்துல வெட்டின ஒரு மாதிரி செஞ்சு காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தார். "ஏணி எங்க வரும்? உனக்க அம்மைக்கு முட்டு வலி, அவ ஏற மாட்டா"னார். அம்மா உள்ள இருந்து, "நான் எதுக்கு ஏறணும், கீழ சூடு இல்லாம இருந்தா போதும்"னாங்க. மச்சு நடுவுல இருக்கறதால கீழ வெயில் இறங்காது. ஆனா மச்சுக்குள்ள ஓட்டுச் சூடு நேரா இறங்கும். அதுக்கு ரெண்டு முகப்புலயும் சூடான காத்து வெளியேற மரச் சட்ட ஜன்னல் வைக்கறோம். நடுக்கம்பம் வர்ற ட்ரஸ் போட்டா அறையை ரெண்டாக் கிழிச்சிரும்ங்கறதால, ட்ரஸ் வடிவத்தை மாத்தி வரையச் சொல்லி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட குடுத்திருக்கோம். படிக்கட்டு ஹாலோட வடக்கு மூலைனு இப்போதைக்குப் பேச்சு. அப்பா இன்னும் "சரி"னு சொல்லல. ஆனா நேத்து போன்ல, அந்த மச்சு ஜன்னலுக்குக் கம்பி வைக்கணுமானு கேட்டார்.

கைமரம் அயினியா, ஜிஐ பைப்பானு இன்னும் முடிவாகல. உங்க வீட்ல யாராவது பத்து வருஷத்துக்கு முன்னாடி ஜிஐ ட்ரஸ்ல ஓடு போட்டிருந்தா, வெல்டிங் இணைப்பெல்லாம் இப்ப எப்படி இருக்குனு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. கடல் பக்கம்னா இன்னும் நல்லது. அடுத்த எபிசோடுல கேப்போம்.