அணியத்தில் நின்ற தளபதி

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வள்ளம் கரைக்கு வரும்போது முதலிற் கண்ணிற் படுவது அணியம். வள்ளத்தைத் திருப்புவதோ பின்னாலிருக்கும் சுக்கான். தீவாராகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தரைப்படைக்கு முகமாக நின்ற ஒரு தமிழரைப் பற்றிப் பேச எழுந்த எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு 1908இற் பிறந்தவர். கொழும்பு சென் யோசேப் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிலும் கற்றுப் பாரிஸ்டரானவர். (சைவ மேடையில் கத்தோலிக்கக் கல்லூரி மாணவரைப் புகழ்வதா என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டாம், நானே மிஷன் பள்ளிக்கூடத்திற்குத் திருநீறு பூசிச் சென்றவன்.) 1934இல் இலங்கை இலகு காலாட்படையிற் சேர்ந்தார். 1949இல் தரைப்படை உருவானபோது தளபதியானவர் பிரித்தானியர். அடுத்து வந்தவரும் அவ்வாறே. 1955இல் அவ்வாசனத்தில் அமர்ந்த முதல் இலங்கையர் முத்துக்குமாரு.

மறு ஆண்டே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இற் கலவரம். தெற்கே கடை வைத்திருந்த நம்மவர் பலர் உடுத்த துணியோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தனர். என் பேரனாரும் சிறுவனாக அப்படி வந்தவரே. "படைக்குத் தமிழன் தலைவனாயிருந்து எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்று இன்றும் கேட்பார்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் மே 22 அளவில் மூண்ட தீக்கு, 27ஆந் திகதியே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அத்தாமதம் ஆட்சியினுடையது, தளபதியினுடையதன்று. படையை எப்போது அழைப்பது என்பது அவர் கையில் இல்லை. பதவியைத் துறந்திருக்கலாமே என்பீர்கள். துறந்திருந்தால் நமக்குப் பெருமையாயிருந்திருக்கும். படையிலிருந்த தமிழ் வாலிபருக்கு ஆதரவாய் இருந்திராது.

படையைக் கொண்டே சுக்கானைப் பற்றியவர்களும் உளர். எகிப்தில் இளம் அதிகாரிகள் ஜெனரல் நகீப்பை முன்னிறுத்தி 1952இல் மன்னரை அகற்றினர். 1953இல் அவர் முதல் ஜனாதிபதி. 1954இல் வீட்டுக்காவற் கைதி! அவரும் அணியத்தில் நிறுத்தப்பட்டவர்தாம்.

முத்துக்குமாரு 1959 முடிவில் ஓய்வுபெற்றார். பின்னர் பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் இலங்கையின் உயர் ஸ்தானிகரானார். தனிச் சிங்களச் சட்டத்தையுடைய நாட்டுக்காகப் பிறநாட்டார் முன் பேசியவர் ஒரு தமிழர். அவர் மனத்தில் என்ன இருந்ததோ! 1987இல் இலங்கையின் படை வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 2001இற் காலமானார்.

கடற்படைக்கு ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை தலைமை தாங்கினார். தரைப்படையிலோ, முத்துக்குமாருவுக்குப் பின் அவ்வாசனத்தில் தமிழர் எவரும் அமர்ந்ததில்லை. இதைச் சொன்னபோது பேரனார் சற்று நேரம் பேசாதிருந்தார். ஆனாலும் அவர் இன்னும் என் கட்சிக்கு வரவில்லை.